இடிந்த மதிலும் இடியாத சாட்சியமும்

நெமிலிச்சேரி நிலையத்தில் மின்சார ரயில் ஏறுவோர் ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம், பேசின் பாலம் ஆகியவற்றைக் கடந்து சென்னை சென்ட்ரலில் இறங்குகின்றனர். வெளியே வந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்தால் அரசுப் பொது மருத்துவமனையும் சென்னை மருத்துவக் கல்லூரியும் எதிர்ப்படும். அவற்றை அடுத்து ஒரு காலத்தில் நெடிய மதில் ஒன்று நின்றது. 1837இல் எழுந்த சென்னை மத்திய சிறையின் மதில் அது. 2006இல் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டனர். 2009இல் கட்டடங்கள் இடிக்கப்பட்டன.

மதில் மறைந்தது. எனினும், அதற்குள் 1976ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நிகழ்ந்தவை மறையவில்லை. அவை எழுத்தில் நிற்கின்றன. அவ்வாறு நிற்கச் செய்தவர்களுள் முதன்மையானவர் நாகூர் ஈந்த நன்மகனார் மர்ஹூம் நீதியரசர் மு. மு. இஸ்மாயீல் அவர்கள். கம்பனில் தோய்ந்த அறிஞராகவே அவரை நம்மில் பலர் அறிவர். சிறைக்கொட்டடியின் இருளுக்குள் விளக்கேந்திச் சென்ற விசாரணையாளராக அவரை அறிந்தோர் சிலரே.

குற்றம் சாட்டாமலும் வழக்கு நடத்தாமலும் ஒருவரை அடைத்து வைக்கும் வழக்கம் நம் நாட்டுக்கு வெள்ளையர் ஆட்சி விட்டுச் சென்ற சொத்து. வங்காளத்தில் 1818ஆம் ஆண்டு ஒழுங்குவிதியும், சென்னை மாகாணத்தில் 1819ஆம் ஆண்டு ஒழுங்குவிதியும் அதற்கு வழிவகுத்தன. முதல் உலகப்போர்க் காலத்தில் அலி சகோதரர்களும் மௌலானா அபுல் கலாம் ஆஸாதும் விசாரணையின்றியே ஆண்டுக்கணக்கில் காவலில் வைக்கப்பட்டனர். நாடு விடுதலை பெற்ற பின்னும் இவ்வழக்கம் ஒழியவில்லை. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த ஒரே மாதத்தில், 1950 பிப்ரவரியில், தடுப்புக்காவல் சட்டம் நிறைவேறியது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்ற பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் அன்று சென்னை மாகாணச் சிறையில் இருந்தவர். அவருடைய வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

1971இல் ‘மிசா’ என்னும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நாள்களிலேயே மிசாவில் ஒரு திருத்தம் புகுத்தப்பட்டது. நெருக்கடி நிலையைச் சமாளிக்கத் தேவை என்று அரசு அறிவித்துவிட்டால், கைதானவருக்குக் கைதின் காரணத்தைக்கூடத் தெரிவிக்க வேண்டியதில்லை என்பதே அத்திருத்தத்தின் சாரம். “நான் ஏன் இங்கே இருக்கிறேன்?” என்று கேட்கும் உரிமையே ஒரு மனிதனிடமிருந்து பறிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று கலைஞர் மு. கருணாநிதியின் அமைச்சரவை கலைக்கப்பட்டது. அன்றிரவு முதல் தி. மு. கழகத்தாரும் திராவிடர் கழகத்தாரும் பிறரும் கைது செய்யப்பட்டுச் சென்னை மத்திய சிறைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆர்க்காடு வீராசாமி, கி. வீரமணி, சென்னை மாநகர முன்னாள் மேயரும் செங்கற்பட்டு நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு ஆகியோர் அவர்களுள் அடங்குவர். மணமாகி ஆறு மாதமும் நிறையாத இளைஞராக மு. க. ஸ்டாலினும் அங்கிருந்தார்.

பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, ஒன்பதாம் பிளாக்கில் அடைபட்டிருந்தோர் மீது சிறைக் காவலர்களும் அவர்களுக்குத் துணை நின்ற தண்டனைக் கைதிகளும் பாய்ந்தனர். தடிகளும் பூட்ஸ் கால்களும் பேசின. ஸ்டாலின் மீது விழுந்த அடிகளைத் தடுக்க முனைந்த சிட்டிபாபு தாமே கடுமையாகத் தாக்குண்டார் என்பது உடனிருந்தோர் கூற்று. நோயுற்று நலிந்த அவர் 1977 ஜனவரி 4ஆம் நாள் உயிர் நீத்தார். அவ்விரவில் பட்ட அடிகளே அவரை மாய்த்தன என்று அவருடைய இயக்கத்தார் இன்றும் நினைவுகூர்கின்றனர். சிறையில் அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது.

இங்கு நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இக்கொடுமையை அடிபட்டவர்கள் அன்றே எங்குச் சென்று முறையிட்டிருக்க முடியும்? செய்தித்தாள்கள் தணிக்கைக்குள் இருந்தன. நீதிமன்றத்தின் கதவோ மூடிக்கொண்டிருந்தது. பல உயர் நீதிமன்றங்கள் ஆள்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று துணிந்து கூறின. ஆனால் 1976 ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளுள் நால்வர், நெருக்கடி நிலையில் அத்தகைய மனுவுக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தனர். காவல் அதிகாரி ஒருவர் பகைமையால் ஓர் உயிரைப் பறித்தாலும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச். ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே அரசுத் தலைமை வழக்கறிஞரின் விடையாக இருந்தது. கன்னா ஒருவரே மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். அதன் பயனாக, 1977 ஜனவரியில் அவருக்கு உரிய தலைமை நீதிபதிப் பதவி அவருக்கு இளையவருக்குச் சென்றது. அவர் பதவி துறந்தார்.

காரணம் கேட்க முடியாத காவலும், கண்ணுக்குத் தெரியாத அடியும் இரட்டைப் பிள்ளைகள். முன்னது பிறந்தால் பின்னது தானே பிறக்கும். ஒருவர் ஏன் அடைக்கப்பட்டார் என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லாத இடத்தில், அவர் உள்ளே எவ்வாறு நடத்தப்படுகிறார் என்று கேட்கவும் எவரும் வரமாட்டார் என்பதைச் சிறைக் காவலன் நன்கறிவான். அந்தத் துணிவே அவன் கைத்தடிக்கு வலிமை.

1977இல் நெருக்கடி நிலை நீங்கியது. சென்னைச் சிறையில் நிகழ்ந்தவற்றை ஆராய விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டு, உயர் நீதிமன்ற நீதிபதி இஸ்மாயீல் அவர்களிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. கமிஷனுக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைப் பெறவும் அதிகாரம் உண்டு. எவரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அதனிடம் உள்ளது எழுதுகோல் ஒன்றே. அந்த எழுதுகோலைக் கொண்டு, ஓராண்டுக் காலம் ஊமையாக்கப்பட்டிருந்தவர்களின் சொற்களை அவர் பதிவு செய்தார். சிறை அதிகாரிகளின் தரப்பையும் கேட்டார். அரசியல் கைதிகள் அடிக்கப்பட்டது உண்மை என்றும், அதற்குச் சிறை நிர்வாகம் பொறுப்பு என்றும் அவருடைய அறிக்கை நிலைநாட்டியது.

அடிபட்டோரின் கட்சியைச் சேர்ந்தவர் அல்லர் அவர். அவர்களுடைய கொள்கைக்காக வாதாடவும் இல்லை. இராமகாதையை நயந்து பேசிய நாகூர் முஸ்லிம், இறைமறுப்பு இயக்கத்தாரும் அடங்கிய கைதிகளின் காயங்களுக்குச் செவி சாய்த்தார். யார் அடிபட்டார் என்று பாராமல், அடி விழுந்ததா என்று மட்டும் பார்ப்பதே நீதி. 1979இல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியான அவர், 1981இல் கேரளத்துக்கு மாற்றப்பட்டபோது, கன்னாவைப் போலவே பதவியைத் துறந்து வெளியேறினார். 2005இல் இறையடி சேர்ந்தார்.

விசாரணைக் கமிஷன் என்றால் எல்லாம் நன்மையில்தான் முடியும் என்று எண்ணிவிடலாகாது. பாலஸ்தீனத்தைப் பாருங்கள். 1945இல் பிரிட்டிஷார் அங்குப் பிறப்பித்த அவசரகாலப் பாதுகாப்பு விதிகளை 1948க்குப் பின் இஸ்ரேல் தன்னதாக்கிக்கொண்டது. இரகசியச் சான்றைக் காட்டி, ஆறாறு மாதமாகக் காவலை நீட்டித்துக்கொண்டே போகும் முறை பாலஸ்தீனர் மீது இன்றளவும் ஏவப்படுகிறது. கைதிகளை விசாரிக்கும் முறைகள் பற்றி ஆராய 1987இல் அங்கும் ஒரு கமிஷன் அமர்ந்தது. லாண்டாவ் என்னும் முன்னாள் தலைமை நீதிபதி அதன் தலைவர். விசாரணையாளர்கள் நெடுங்காலம் நீதிமன்றங்களில் பொய் சொல்லி வந்தனர் என்பதை அது கண்டறிந்தது. ஆயினும் ‘மிதமான அளவு உடல் அழுத்தம்’ தரலாம் என்றும் அதுவே அனுமதி வழங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1999இல், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அம்முறைகளுள் பலவற்றைச் சட்டத்துக்குப் புறம்பானவை என்றது. அப்போதும் முழுத் தடை விதிக்கவில்லை. ஒரு கமிஷன் அடியை அடி என்று எழுதியது. மற்றொன்று அடிக்கு அளவு குறித்துக் கொடுத்தது. சென்னைக்கும் ஜெரூசலத்துக்கும் இடையே சட்டத்தின் வேர் ஒன்றாயிருந்தும், எழுதுகோல் பிடித்த கையின் வேறுபாடு இத்துணைப் பெரிது.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிர்வாழும் உரிமையை முடக்க இயலாதவாறு காத்தது. ஜபல்பூர்த் தீர்ப்பு 2017இல் வெளிப்படையாகத் தள்ளப்பட்டது. ஆனால் தடுப்புக்காவல் வேறு பெயர்களில் வாழ்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையொப்பமிட்ட இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

2019இல் அந்நாளைய சிறைவாசம் பற்றி அரசியல் மேடைகளில் ஐயம் கிளப்பப்பட்டபோது, இஸ்மாயீல் கமிஷனின் அறிக்கையையே பலர் தேடிச் சென்றனர். சிறை இடிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அடித்தவரும் அடிபட்டவரும் பலர் மண்ணுக்குள் இருந்தனர். சாட்சியமோ நின்றது.

அடுத்த முறை சென்ட்ரலில் இறங்கி மருத்துவமனைக்குச் செல்லும்போது, உங்கள் பிள்ளைகள் உடனிருந்தால், மருத்துவக் கல்லூரியின் பக்கம் சற்று நின்று இக்கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். காட்டுவதற்குச் சுவர் இல்லை. ஆதலால் சொல்லித்தான் ஆக வேண்டும்.