வெய்பாவிலிருந்து வந்த ஜன்னல்

பிரிஸ்பேன் நகரத்து வீடுகள் பலவற்றில் சமையலறைக்கும் பின்கட்டு மரத்தளத்துக்கும் நடுவே மடக்கு ஜன்னல் ஒன்று இருக்கும். மூன்று நான்கு கண்ணாடிக் கதவுகளைக் கீல் போட்டுக் கோத்திருப்பார்கள். ஒன்றைத் தள்ளினால் மற்றவையும் மடிந்து ஓரமாக ஒதுங்கிவிடும். சமையல் மேடை வெளிப்பக்கமும் நீண்டிருப்பதால், உள்ளிருந்து வைக்கும் தட்டை வெளியே உட்கார்ந்திருப்பவர் கை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். சமைப்பவர் தனியாகக் கிடந்து வேகாமல் எல்லோருடனும் பேசிக்கொண்டே வேலை செய்ய முடிகிறது. அதற்காகவே எனக்கு இந்த ஜன்னலைப் பிடிக்கும். அதன் சட்டம் அலுமினியம்.

அந்த உலோகம் பிறக்கும் இடங்களில் ஒன்று அதே குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடகோடி. கேப் யார்க் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருக்கும் வெய்பா. அங்குள்ள கடலோரச் செம்மேடுகளை 1802இல் மேத்யூ ஃபிளிண்டர்ஸ் கப்பலில் போகும்போதே கவனித்தார். அது பாக்சைட் என்பதை 1955இல் ஹாரி எவான்ஸ் என்ற புவியியலாளர் கண்டறிந்தார். மேல்மண்ணை விலக்கினால் போதும், சில மீட்டர் கனத்துக்குச் சிவந்த உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. ஆனால் மேல்மண்ணை விலக்கும் முன் அதன்மேல் நிற்கும் யூகலிப்டஸ் காட்டை வெட்டியாக வேண்டும்.

அந்த நிலத்தில் மக்களும் இருந்தார்கள். சுரங்கத்துக்குக் குத்தகை கொடுத்த பிறகு, 1963 நவம்பரில், வெய்பாவுக்கு வடக்கே இருந்த மபூன் பழங்குடிக் குடியிருப்புக்குள் போலீஸ் நுழைந்தது. மக்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். எழுபதுகளில் சில குடும்பங்கள் தாமாகவே திரும்பி வந்து, எரிந்த இடத்தில் மறுபடி குடிசை போட்டன. சுரங்க நிறுவனமும் அரசும் கேப் யார்க்கின் மேற்குக் கரை மக்களோடு முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்திட 2001 வரை ஆயிற்று. ஜன்னல் விற்கும் கடையில் இதை யாரும் சொல்வதில்லை. வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

வெய்பா பாக்சைட்டில் ஒரு பங்கு டோரஸ் நீரிணையைக் கடந்து, பவளத்திட்டை ஒட்டித் தெற்கே இறங்கி, கிளாட்ஸ்டன் துறைமுகம் சேர்கிறது. அங்கே 1967 முதல் இயங்கும் ஆலையில் அதைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைத்து வெள்ளை அலுமினாவைப் பிரிக்கிறார்கள். எஞ்சும் காரச் செஞ்சேறு பெரிய குட்டைகளில் தேங்கிக் கிடக்கும். பக்கத்திலேயே 1982இல் தொடங்கிய பாய்ன் உருக்காலையில், ஏறத்தாழ 950 டிகிரி வெப்பத்தில் உருகிய கிரையோலைட்டுக்குள் அலுமினாவைப் போட்டு மின்சாரம் பாய்ச்சினால், தொட்டியின் அடியில் உலோகம் சேர்கிறது. ஒரு கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் ஆகும். ஒரு ஜன்னலில் 30 கிலோ அலுமினியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 கிலோவுக்குக் குறையாத செம்மண்ணும் 400 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் அதற்குள் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளாக அந்த மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்தே வந்தது. சூரிய ஒளி, காற்றாலை மின்சாரம் வாங்க 2024இல் ஒப்பந்தங்கள் போட்டிருக்கிறார்கள்.

பிறகு வேலை எளிது. மக்னீசியமும் சிலிக்கனும் சிறிதளவு கலந்த உருளைகளைச் சூடாக்கி, இடியாப்பம் பிழிவதுபோல எஃகு அச்சின் வழியே பிதுக்கினால் பள்ளமும் காடியுமாக நீண்ட சட்டங்கள் வரும். வெட்டி, பவுடர் பூச்சு ஏற்றி, அடுப்பில் சுட்டு, கண்ணாடி பொருத்துகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜன்னலின் ஆயுள் முடிவாகிறது. கடையில் நிறத்தையும் அகலத்தையும் பார்க்கிறோம். முதலில் கேட்க வேண்டியது, பாரம் எதில் தொங்குகிறது என்பது. மேலே தொங்கும் வகையில் கதவுகளின் முழு எடையும் ஜன்னலுக்கு மேலுள்ள விட்டமான லிண்டலுக்குப் போகிறது. சில மில்லிமீட்டர் தொய்ந்தாலே கதவுகள் இறுகி நகர மறுக்கும். பிரிஸ்பேனின் பழைய மரவீடுகளில் சுவரை உடைத்து இதைப் பொருத்துவதென்றால் பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும். கீழே உருளும் வகையில் மேல்விட்டத்துக்குப் பாரமில்லை. காடியில் மண் சேராமல் வாரந்தோறும் துடைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது மழை. கோடைப் புயலில் தண்ணீர் படுக்கைவாட்டில் அடிக்கும் ஊர் பிரிஸ்பேன். மேடையோடு சமமாக இருக்கும் அடிச்சட்டம் பார்க்க அழகுதான், ஆனால் ஜன்னல் வழியே யாரும் நடக்கப் போவதில்லை. சற்றே உயர்ந்த விளிம்பும் தண்ணீர் வடியும் துளைகளும் உள்ளதையே நான் எடுப்பேன். மடிப்பு ஒவ்வொன்றும் ஓர் இடுக்கு, ஆகவே குறைந்த கதவுகள் போதும். கடலோர வீடென்றால் திருகாணியும் கீலும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். உப்புப் படிவதை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும். கதவுகள் வெளிப்பக்கம் மடிவதால் கொசுவலை உட்பக்கம் வரும். அதை முதலிலேயே சேர்த்துத் திட்டமிடாவிட்டால் மாலை நேரத்தில் ஜன்னல் மூடியேதான் கிடக்கும்.

மேற்குப் பார்த்த சுவரில் மேலே இறவாணம் இல்லையென்றால் வேண்டாம். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், அலுமினியச் சட்டம் வெப்பத்தைக் கடத்தும். மாடிப் படுக்கையறைக்கும் வேண்டாம். தரை 2 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்த படுக்கையறையில், குழந்தைகள் விழாதபடி ஜன்னல் 125 மில்லிமீட்டருக்கு மேல் திறக்காமல் தடுக்கவோ உறுதியான வலை பொருத்தவோ வேண்டும் என்பது ஆஸ்திரேலியக் கட்டட விதி. அப்புறம் மடக்கு ஜன்னலால் என்ன பயன்?

இரண்டு ஜன்னலுக்குப் பணம் இருந்தால் ஒன்றை மட்டும் வாங்குங்கள். மிச்சத்தை லிண்டலிலும் உருளையிலும் கீலிலும் போடுங்கள். கழற்றும் பழைய சட்டத்தைக் குப்பையில் சேர்த்துவிடாமல் பழைய உலோகம் வாங்குபவரிடம் கொடுங்கள். அதை உருக்கி மீண்டும் சட்டமாக்க, மண்ணிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் அளவே செலவாகிறது.