ரூப்சந்த்

ரூப்சந்த், தென் அமெரிக்காவின் அமேசான் படுகையைச் சேர்ந்த நன்னீர் மீன். அறிவியல் பெயர் பியராக்டஸ் பிராக்கிபோமஸ். உலக வழக்கில் பக்கு. தமிழில் இதைப் பாக்கு என்று எழுதினாலும் தகும். கொட்டையை உடைத்துத் தின்னும் மீன் இது.

பிரெஞ்சு விலங்கியலாளர் ஜார்ஜ் குவியே 1818-இல் இதை முதலில் விவரித்தார். ‘பிராக்கிபோமஸ்’ என்றால் குட்டையான செவுள்மூடி உடையது. ஒரினோகோ ஆற்றில் வாழ்வதும் இதே இனம்தான் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2019-இல் அதைத் தனி இனமாகப் பிரித்தார்கள்.

மழைக்காலத்தில் அமேசான் கரை கடந்து காட்டுக்குள் புகும்போது பக்குவும் உடன் போகிறது. மரத்திலிருந்து நீரில் விழும் பழங்களும் கொட்டைகளும்தான் அப்போது அதற்கு உணவு. கடிபடாமல் தப்பிய விதைகள் வேறிடத்தில் முளைக்கின்றன. கடையில் வாங்கிய மீனின் உதட்டை விலக்கினால் மனிதக் கடைவாய்ப் பல்லைப் போன்ற தட்டையான பற்கள் தெரியும். மேல்தாடையில் இரண்டு வரிசை. முதன்முறை பார்ப்பவர் கையை இழுத்துக்கொள்வார். உறவுக்கார மீனான பிரானாவுக்கோ ஒற்றை வரிசை, ஒவ்வொன்றும் முக்கோணக் கத்தி. பக்குக் குஞ்சுக்குச் சிலவகைப் பிரானாவைப் போலவே வயிறு சிவப்பு என்பதால், பக்கு வலையில் சிக்கும்போதெல்லாம் ‘பிரானா பிடிபட்டது’ என்று செய்தி வருகிறது. பல்லைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

2003–04 வாக்கில் பக்கு முறையான அனுமதியின்றி வங்கதேசத்திலிருந்து மேற்கு வங்கத்துக்குள் வந்தது. பெயரும் அங்கிருந்தே ஒட்டிக்கொண்டது. வங்காளிகள் ரூப்சாந்தா என்பது கடல் வவ்வாலை. தட்டையான உடலைச் சாக்காக வைத்து அந்தப் பெயரை இதற்குச் சூட்டினார்கள். தெலுங்கில் அது ரூப்சந்த் ஆனது. தமிழ்நாட்டில் ஏரி வவ்வால் என்பார்கள், கேரளத்தில் நட்டர். உண்மையான வவ்வாலோடு இதற்கு எந்த உறவும் இல்லை. ருசியிலும் இல்லை என்பேன்.

ஆந்திரத்தில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள குளங்களில் இது வேகமாகப் பரவியதற்குக் காரணம் வளர்ச்சி: ஓராண்டுக்குள் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். தவிடு, பிண்ணாக்கு எதுவானாலும் தின்னும். நீரில் ஆக்சிஜன் குறைந்தால் கீழுதடு வீங்கி நீளும். அதைக் கொண்டு மேற்பரப்பு நீரை உறிஞ்சிச் சமாளிக்கும். ஆனால் குளத்தில் தானாக முட்டையிடாது. ஆற்றை எதிர்த்து நீந்திப் போய் இனப்பெருக்கம் செய்யும் மீன் என்பதால், பொரிப்பகத்தில் ஹார்மோன் ஊசி போட்டே குஞ்சு எடுக்கிறார்கள். குளத்தை விட்டுத் தப்புவதும் உண்டு. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள நீர்நிலைகளில் அகப்பட்டது.

ஆந்திரக் குளத்து மீன்தான் பனிக்கட்டிப் பெட்டிகளில் லாரியேறி ஹைதராபாத் வருகிறது. நகரின் மேற்கு விளிம்பில், மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி, 1960-களில் எழுந்த பெல் (BHEL) ஆலையைச் சுற்றி வளர்ந்த ராமச்சந்திராபுரத்தில், வவ்வால் என்று கேட்கும் தமிழரிடம் கடைக்காரர் இதை நீட்டினால் வால் அருகே முதுகில் பார்க்க வேண்டும். சிறு சதைத் துடுப்பு இருந்தால் ரூப்சந்த். கடல் வவ்வாலுக்கு அது கிடையாது. செதில் பொடிசு, கத்தியால் சுரண்டினால் போதும். சதைக்குள் நுண்முள் உண்டு, குழம்பைவிட வறுவலுக்கே ஏற்றது. ஜூன் மாதத்தில் சூரியன் மிருகசீரிட நட்சத்திரத்தில் நுழையும் நாளான மிருகசிரை கார்த்தியன்று ஊரே மீன் வாங்கும். அன்று முதல் மரியாதை கொரமீனுக்கு, அதாவது நம் விராலுக்கு. அதன் விலையைக் கேட்டுத் திரும்புகிறவர்களின் பையில் ரூப்சந்த் ஏறுகிறது.