கூரை போட்ட பாலம்



ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் எல்கடுவையில் காலை எது, மாலை எது என்று சொல்ல முடியாது. ஹுன்னஸ்கிரிய மலையிலிருந்து இறங்கும் மூட்டம் தேயிலை மலைகளை மூடிக்கொண்டு நிற்கும். பகல் இரண்டு மணிக்கே லயங்களில் விளக்கு எரியும். 2018ஆம் ஆண்டின் அப்படியொரு ஐப்பசியில் கனடாவிலிருந்து என் அக்காள் மகன் வந்திருந்தான். வந்தவன் கையோடு ஒரு புகைப்படம் கொண்டுவந்திருந்தான். சிவந்த மேப்பிள் மரங்கள், கீழே ஓர் ஆறு, ஆற்றின் குறுக்கே நீண்ட மாட்டுக்கொட்டில் போல ஒன்று.

"இது பாலம் மாமா. உள்ளே ரோடு போகுது" என்றான்.

ஒன்ராறியோ மாகாணத்தில் வெஸ்ற் மொன்ற்றோஸ் என்ற சிற்றூரில், கிராண்ட் ஆற்றின் மேல் 1881இல் கட்டிய மரப்பாலம் அது. இலை உதிரும் காலத்தில் அதைப் பார்ப்பதற்கென்றே கார் எடுத்துக்கொண்டு போவார்களாம். அதற்கு ஒரு செல்லப்பெயரும் உண்டு என்று தொடங்கியவன், ஏனோ பேச்சை மாற்றிவிட்டான். பிறகு நானே விசாரித்து அறிந்தேன். 'முத்தப் பாலம்' என்பார்களாம். கூரையின் இருட்டில் குதிரை வண்டி நுழைந்ததும் உள்ளே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் தனிமையை எண்ணிச் சூட்டிய பெயர். தாய்மாமனிடம் எப்படிச் சொல்வான், பாவம்!

"நம்ம நாட்டுல இப்படி ஒண்ணும் இல்லையே மாமா" என்றான்.

இருக்கிறது, அதைவிட ஏறக்குறைய முந்நூறு வருடம் மூத்தது என்றேன். அவன் நம்பவில்லை. மறுநாள் விடியுமுன்பே ஒரு வேன் பிடித்துப் புறப்பட்டோம்.

வத்தேகம, கண்டி தாண்டிப் பேராதனையில் மகாவலியைக் கடந்தபோது வேனை மெதுவாக ஓட்டச் சொன்னேன். இந்த இடத்தில் ஒருகாலத்தில் உலகம் வியந்த பாலம் ஒன்று இருந்தது. 1833இல் ஆங்கிலேயர் முதிரை மரத்தால் அமைத்தது. ஆற்றுக்குள் தூணே கிடையாது. கரையிலிருந்து கரைக்கு 205 அடி நீளத்துக்கு ஒரே வளைவு. ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் பொருத்திய வேலை என்று அந்நாளைய பயணிகள் புகழ்ந்து எழுதினார்கள். மலைநாட்டின் கோப்பி மூட்டைகளெல்லாம் அதன் மேல்தான் கொழும்புக்குப் போயின. ஆனால் 1905இல் அதைக் கழற்றிவிட்டு இரும்புப் பாலம் போட்டார்கள். எழுபத்திரண்டு வருட ஆயுள். முதிரையைப் போல உறுதியான மரம் வேறு எது என்று நாம் கேட்போம். ஆனால் வண்டிப் பாரத்தையும் மகாவலியின் ஈரத்தையும் சேர்த்துத் தாங்கியது அது. அதற்குக் கூரை இல்லை.

கூரை என்பது நடப்பவர் நனையாமலிருக்கத்தானே என்று மருமகன் கேட்டான். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆற்றைக் கண்டு குதிரை மிரளாமலிருக்க மறைத்துக் கட்டினார்கள் என்று சொல்வாரும் உண்டு. உண்மை அதுவல்ல. பாலத்தின் பாரத்தைச் சுமப்பவை பக்கவாட்டில் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டிய மரச்சட்டங்கள். மழைநீர் அந்தப் பூட்டுகளுக்குள் இறங்கித் தங்கினால் உள்ளிருந்தே உளுத்துப்போகும். திறந்த மரப்பாலம் இருபது வருடம் நிற்பதே அரிது. கூரை போட்டால் நூறு வருடமும் தாண்டும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் ஸ்கூல்கில் ஆற்றில் 1805இல் திறந்த பாலத்துக்கு, பாலக் கம்பெனியின் தலைவரான றிச்சர்ட் பீற்றர்ஸ் என்ற நீதிபதி வற்புறுத்தித்தான் கூரை வேய்ந்தார்கள். அந்நாட்டில் கூரைப் பாலங்களுக்கு அதுவே வழிகாட்டி. பனிக்காலத்தில் ஒரு வேடிக்கையும் நடக்கும். கூரையினால் பாலத்துக்குள் பனி விழாது, பனி இல்லாவிட்டால் சறுக்கு வண்டி ஓடாது. ஆகவே வெளியே கிடக்கும் பனியை அள்ளிவந்து பாலத்துக்குள் பரப்புவதற்குக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள்!

மழை தொடாத மரத்தை நெருப்புத் தொடும் என்பதையும் சொல்லவேண்டும். சுவிற்சர்லாந்தின் லுசேர்ன் நகரில் பதினான்காம் நூற்றாண்டிலிருந்து நின்ற கூரைப் பாலம், 1993 ஓகஸ்ட் 18ஆம் திகதி அதிகாலை பெரும்பகுதி எரிந்துபோனது. மறுவருடமே கட்டி எழுப்பிவிட்டார்கள்.

நுவரெலியாவில் தேநீர் குடித்துவிட்டு, வெலிமடை வழியாக ஹாலி எல சேர்ந்தபோது உச்சிப்பொழுது. அங்கிருந்து கிளைப்பாதையில் வயல்களும் பாக்குத் தோட்டங்களுமாக இறங்கினால் போகொட ரஜமகா விகாரை. கல்லில் வெட்டிய பிராமி எழுத்துள்ள, மிகப் பழைய குகைக் கோயில். அதன் படிக்கட்டு இறங்கும் இடத்தில் கல்லந்த ஓயாவின் மேல் நிற்கிறது நான் சொன்ன பாலம்.

நீளம் சுமார் 50 அடி, அகலம் 6 அடி. இருபுறமும் சரிந்த கூரையில் கண்டிக் காலத்துப் பாணியில் தட்டை ஓடுகள். கைப்பிடி வரிசையில் கடைசல் வேலை செய்த மரக்கால்கள். பலா, கும்புக் எனும் மருது, மில்ல ஆகிய மரங்களால் ஆனது. ஆணியும் மரத்தாலேயே செதுக்கியது. மருதைத் தேர்ந்தெடுத்த தச்சன் மரம் அறிந்தவன். ஆற்றங்கரையில் தண்ணீருக்குள் வேர்விட்டு வளரும் மரமல்லவா அது!

இதன் காலத்தைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டு என்றும், தம்பதெனியா காலம் என்றும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுகிறார்கள். தம்பதெனியா அரசு பதின்மூன்றாம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. ஓடுகளின் அமைப்பைப் பார்த்தால் எனக்குப் பிந்திய காலமே பொருத்தமாகத் தோன்றுகிறது. அதிலும் மரக்கட்டடத்தின் வயதை ஒரு தேதியில் அடக்க முடியாது. ஓடு மாற்றுவார்கள், கைமரம் மாற்றுவார்கள், பலகை மாற்றுவார்கள். மாற்ற ஆள் இருந்ததே அதன் ஆயுள்.

பதுளையிலிருந்து கண்டிக்குப் போன பழைய பாதை இதன் மேல்தான் சென்றது. 1818இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படை வீடுகளையும் வயல்களையும் அழித்து, பழமரங்களையும் வெட்டிச் சாய்த்த பிரதேசம் இது. அந்த வருடத்தையும் தாண்டி இந்தச் சிறு கூரை நிற்கிறது.

நாங்கள் பாலத்தின் நடுவே நிற்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. விறகுக் கட்டோடு ஒரு சிங்கள மூதாட்டி ஓடிவந்து ஒதுங்கினார். வேன்காரத் தம்பி வெற்றிலை நீட்டினான். இருபக்கமும் தாழ்வாரத்திலிருந்து திரை போலத் தண்ணீர். காலடியில் பலகை காய்ந்து கிடந்தது.

"எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். எல்கடுவ என்றேன். "அவ்வளவு தூரத்திலிருந்து இதைப் பார்க்கவா?" என்று சிரித்தார்.

அந்தக் காய்ந்த பலகையைப் பார்த்தபோது எனக்குப் பெரியம்மாவின் நினைவு வந்தது. மருமகனுக்கு அதுவரை யாரும் சொல்லாத கதை. எங்கள் முன்னோர் மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டினூடே தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாக மலையேறியவர்கள். வழியில் பசியும் வாந்திபேதியும் கொண்டுபோனவர்களுக்குக் கணக்கில்லை. கோப்பி ஏற்றக் கண்டிக்கு 1867இலும் மாத்தளைக்கு 1880இலும் ரயில் வந்துவிட்டது. மலைக்குள் மட்டும் நடைதான். என் சிறுவயதில் நாங்கள் இருந்த தோட்டத்தில் ஓடையைக் கடக்க ஒரே ஒரு மரக்கட்டை. கைப்பிடி கிடையாது. பாசி பிடித்துக் கிடக்கும். ஓடைக்கு மேலே உயரத்தில் ஒரு கம்பி ஓடியது. எதிர்மலையில் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி அந்தக் கம்பியில் தொங்கவிட்டால், ஆற்றைத் தாண்டி நேரே ஃபெக்டரிக்குப் போய்விடும். கொழுந்து நசுங்கக் கூடாது என்று அந்த ஏற்பாடு. பறித்தவர்கள் கட்டையில் நடந்து வந்தார்கள்.

ஓர் ஐப்பசி மாலையில் வெறுங்கூடையோடு திரும்பிய பெரியம்மா அந்தக் கட்டையில் வழுக்கினாள். ஓடையில் அன்று வெள்ளம். இரண்டு வளைவு தாண்டிக் கூடை கிடைத்தது. மறுநாள் அவளும் கிடைத்தாள். அடுத்த நாள் காலை பெரட்டுக் களத்தில் வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டார்கள்; அவள் பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று அம்மா சொல்லுவாள்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. படம் எடுப்பதையும் நிறுத்திவிட்டான். மழை விட்டதும் மூதாட்டி விறகைத் தலையில் ஏற்றிவிடச் சொன்னார். அவன்தான் தூக்கிவிட்டான்.

இரவு பதுளையில் தங்கி மறுநாள் வீடு சேர்ந்தோம். வந்ததும் வராததுமாக, "அந்த ஓடையக் காட்டுங்க மாமா" என்றான். கம்பியும் இல்லை, கட்டையும் இல்லை. இப்போது அங்கே சீமெந்துத் தட்டு ஒன்று போட்டிருக்கிறார்கள். கைப்பிடி இன்னும் வைக்கவில்லை. அவன் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அடியெடுத்து அளந்து பார்த்தான். ஒன்பது அடி வைத்தான். தூறல் தொடங்கியது. குடையை விரித்துக்கொண்டு நான் இந்தப் பக்கமே நின்றேன்.