நம்மவர் எழுப்பிய வங்கி



யூபிலி என்றதும் நம் நினைவுக்கு வருவன கொடியேற்றம், தேர்பவனி, ஆடம்பரத் திருப்பலி, அன்பின் விருந்து ஆகியவையே. ஆனால் பழைய ஏற்பாட்டில் யூபிலி முதன்முதலில் பொருளாதாரத்தைப் பற்றிய ஒரு சட்டமாகவே தோன்றுகிறது. வறுமையினால் விற்கப்பட்ட நிலம் ஐம்பதாம் ஆண்டில் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். கடனுக்காக அடிமையானவன் விடுதலை பெற்று வீடு திரும்ப வேண்டும். ஏழையின் நிலமும் உழைப்பும் அவன் கையை விட்டு என்றென்றைக்குமாகப் போய்விடக் கூடாது என்பதே அதன் கருத்து. ஆகவே யூபிலி மலரில் பணத்தைப் பற்றி, அதிலும் ஒரு வங்கியின் பிறப்பைப் பற்றி எழுதுவது பொருந்தாத செயல் ஆகாது என எண்ணி, நம் சென்னைப் பட்டணத்தில் நடந்த ஒரு வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க முன்வருகிறோம்.

மூன்று பெரிய கம்பெனிகள்

ஆங்கிலேயர் கோட்டை கட்டிக் குடியேறிய சென்னையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று ஐரோப்பியக் கம்பெனிகள் ஓங்கி நின்றன. அவை பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்பன. இவற்றுள் ஆர்பத்நாட் கம்பெனி வாணிபத்தோடு வங்கித் தொழிலும் நடத்தியது. 1843-ல் தோன்றிய மதராஸ் வங்கி கொடுத்ததைக் காட்டிலும் கூடுதல் வட்டி கொடுத்ததால், ஓய்வுபெற்ற அதிகாரிகள், ஜமீன்தார்கள், வக்கீல்கள், விதவைகள் எனப் பலதரப்பட்டவரும் தங்கள் சேமிப்பை அங்கே கொண்டுபோய்ப் போட்டனர். வெள்ளைக்காரர் கம்பெனி ஏமாற்றாது என்பது அக்காலத்து நம்பிக்கை. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் அரசாங்கத்தில் செல்வாக்கு மிகுந்தவர் என்பதும் அந்த நம்பிக்கைக்குத் துணை செய்தது.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், திங்கட்கிழமை, அந்தக் கம்பெனி கதவை மூடியது. லண்டனிலிருந்த அதன் கூட்டாளியான மக்ஃபாடியன் என்பவர் ஆபத்தான முதலீடுகளில் பணத்தை இழந்து, இரண்டு நாட்களுக்கு முன் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அங்கே விழுந்த அடி இங்கே குடும்பங்களின் மேல் விழுந்தது. மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த பணம், முதுமைக்கு வைத்திருந்த பணம் எல்லாம் ஒரே நாளில் கைக்கெட்டாமல் போயின. பின்னி கம்பெனியும் அதே ஆண்டில் தள்ளாடி, இஞ்ச்கேப் குழுவினர் கைகொடுத்ததால் பிழைத்தது.

சர் ஜார்ஜ் மீது குற்ற வழக்கு நடந்தது. அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. ஆங்கிலேயப் பிரபு ஒருவர் நம் மண்ணில் இவ்வாறு சிறை புகுந்தது அந்நாளில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஆனால் தண்டனை கிடைத்ததனால் இழந்தவரின் பெட்டி நிறைந்துவிடுமா?

அழுது முடித்தபின் எழுந்தவர்கள்

இந்த இடத்தில்தான் நாம் போற்ற வேண்டிய ஒரு மனிதரைச் சந்திக்கிறோம். அவர் பெயர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் 1863-ல் பிறந்து, சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கியவர். கடன் கொடுத்து இழந்தவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவரும் அவரே. அரசியலில் அவர் மிதவாதி. ஆயினும் தீவிரவாதியாகக் கருதப்பட்ட பாரதியாரின் பாடல்களைக் கேட்டு உள்ளம் உருகி, 1907-ல் அவற்றைத் தம் செலவில் அச்சிட்டுப் பரப்பியவர்.

வழக்கை வென்றால் மட்டும் போதாது, நம்மவர் பணத்தை நம்மவரே பொறுப்போடு காக்கும் ஒரு வங்கி வேண்டும் என அவரும் அவர் நண்பர்களும் முடிவு செய்தனர். நாட்டுக்கோட்டை நகரத்தார்களை அணுகினர். பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் நடத்தி வந்த சமூகம் அது. திவான் பகதூர் இராமசாமி செட்டியார் போன்றோர் முன்வந்து தோள் கொடுத்தனர். படித்த வழக்கறிஞரின் சட்ட அறிவும், செட்டியாரின் கணக்கு அனுபவமும் இணைந்தன. வங்கக் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் பரவிய நேரம் அது. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல்தான் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். கப்பலைப் போலவே வங்கியும் நம்முடையதாக இருக்கட்டும் என்ற எண்ணம் பலர் உள்ளத்தில் எழுந்ததில் வியப்பில்லை.

வீழ்ச்சி நடந்து நான்கரை மாதங்கள் கூட ஆகவில்லை. 1907 மார்ச் 5-ல் இந்தியன் வங்கி பதிவு செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15-ல் பாரி முனையில், பாரி கட்டிடத்தில் அது தன் பணியைத் தொடங்கியது. ஆகஸ்ட் 15 நமக்கோ தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள். நாற்பது ஆண்டுகள் கழித்து அதே நாளில் நாடு சுதந்திரம் பெற்றது. இவை தற்செயலாக ஒத்துவந்தவை. எனினும் நினைவில் வைக்க எளிதானவை. பின்னாளில் ஆர்பத்நாட் கம்பெனி இருந்த கடற்கரை இடத்திலேயே இந்தியன் வங்கியின் தலைமை அலுவலகம் அமைந்தது. வீழ்ந்த வீட்டின் இடத்தில் புதுவீடு எழுந்தது என்றே சொல்லலாம்.

கிருஷ்ணசுவாமி ஐயர் 1911-லேயே, ஐம்பது வயது நிரம்பும் முன், காலமானார். அவர் நட்ட கன்றோ மரமாயிற்று. 1932-ல் கொழும்பிலும், 1941-ல் சிங்கப்பூரிலும் கிளைகள் தோன்றின. 1969-ல் அரசுடைமையான பதினான்கு வங்கிகளுள் இதுவும் ஒன்று. 1990-களின் நடுவில் திரும்பி வராத கடன்களால் பெரும் நட்டம் கண்டு, மெல்ல மெல்ல மீண்டெழுந்தது. 2020 ஏப்ரல் முதல் நாள் அலகாபாத் வங்கியும் இதனுடன் இணைந்தது.

நம் சாலை ஓரத்திலும் ஒரு வரலாறு

பட்டணத்துக் கதை நமக்கெதற்கு என்று நசரத்பேட்டை மக்கள் கேட்கலாம். நம் ஊரைக் கடந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை காஞ்சிபுரம் வழியே போகிறது. அந்தக் காஞ்சிபுரத்தில்தான் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவாயிற்று. வடக்கே திருவள்ளூரை அடுத்த திரூரில் அதே ஆண்டு விவசாயிகளின் கடன் சங்கம் பிறந்தது. ஆர்பத்நாட் விழுவதற்கு இரண்டாண்டு முன்னரே, நம் சுற்றுவட்டாரத்து எளிய மக்கள் தங்களுக்கென்று பணப்பெட்டி வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டனர்!

இதற்கு வழிகாட்டியவர் சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி. ஐரோப்பாவில் ரைஃபைசன் என்பவர் ஏழை உழவர்களைக் கொண்டு நடத்திய கடன் சங்கங்களை ஆராய்ந்து, அப்படிப்பட்ட மனிதரை நம் கிராமங்களில் தேடுங்கள் என்று அரசுக்கு அறிக்கை தந்தார். அதன்பின் 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இச்சங்கங்களின் முறை எளியது. ஒருவரை ஒருவர் அறிந்த மக்கள் சிறு சிறு பங்கு போடுவர். அந்த நிதியிலிருந்து, இன்னாருக்கு என்ன தேவை, அவர் திருப்பித் தருவாரா என்று அறிந்து கடன் கொடுப்பர். வரும் வட்டி வெளியாருக்குப் போகாமல் சங்கத்திலேயே தங்கும்.

நம் திருச்சபையின் குருக்களும் இதில் பின்தங்கவில்லை. சோட்டாநாக்பூரில் முண்டா பழங்குடி மக்கள் வட்டிக்காரரிடம் நிலத்தை இழந்து தவித்ததைக் கண்ட இயேசு சபைக் குரு ஹோஃப்மன் அடிகள், 1909-ல் அவர்களுக்காகக் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை ஏற்படுத்தினார். பழங்குடியினரின் நில உரிமையைக் காத்த 1908-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவர் பங்கு பெரிது. திருச்சூரில் கத்தோலிக்கர் 1920-ல் ஒரு வங்கியை நிறுவினர். தூத்துக்குடியில் நாடார் பெருமக்கள் 1921-ல் நிறுவிய வங்கி இன்று தமிழ்நாடு மெர்கண்டைல் வங்கி என வழங்குகிறது.

நம்மவர் என்பது மட்டும் போதுமா?

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம்மவர் நடத்துவதால் மட்டுமே ஒரு வங்கி பாதுகாப்பானதாகிவிடாது. 1913 தொடங்கிச் சில ஆண்டுகளில் சுதேசி வங்கிகள் பலவும் அடுத்தடுத்து மூழ்கின. 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடப்பட்டது. நம் சமயத்தவர் மிகுதியாக வாழும் பாலா நகரில் 1927-ல் தொடங்கிய பாலை சென்ட்ரல் வங்கி 1960-ல் மூடப்பட்டபோது, சாதாரணக் குடும்பங்கள் பட்ட துயரம் சொல்லொணாதது. அந்தக் கண்ணீருக்குப் பின்னர்தான் 1962 ஜனவரி முதல் வைப்புத்தொகைக்குக் காப்பீடு வந்தது. அன்று அதன் வரம்பு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். 2020 முதல் ஐந்து லட்சம் ரூபாய்.

ஆக, ஆர்பத்நாட்டை நம்பியவர்கள் தோலின் நிறத்தைப் பார்த்து நம்பினர். பாலையை நம்பியவர்களுள் சிலர் சமயத்தையும் உறவையும் பார்த்து நம்பினர். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும், கேள்வி கேட்கவும் இருவருக்கும் வழியில்லை. நம்பிக்கை புண்ணியந்தான், ஆனால் விவேகமும் புண்ணியமே என்று ஞானோபதேசத்தில் நாம் படித்திருக்கிறோம் அல்லவா?

இதை எழுதும்போது நம் பங்கின் குடும்பங்களே நம் கண்முன் நிற்கின்றன. மாதம் பத்து வட்டி, பன்னிரண்டு வட்டி தருவதாகச் சொல்லி வீடு தேடி வருகிறவர்களிடம், தொழிற்சாலையில் ஓடாய்த் தேய்ந்து சேர்த்த பணத்தையும், நகையை அடகு வைத்த பணத்தையும் கொடுத்துவிட்டுப் பங்குத்தந்தையின் அறைக்கு வந்து அழுகின்ற தாய்மாரை நாம் பார்த்து வருகிறோம். பெரும்பாலும் அழைத்துப்போனவர் ஓர் உறவினராகவோ, கோவிலில் பக்கத்தில் அமர்பவராகவோதான் இருக்கிறார். எந்த நேர்மையான தொழிலும் அத்தனை வட்டியை மாதாமாதம் ஈட்ட முடியாது. வைப்புத்தொகைக் காப்பீடு வங்கிகளுக்கு உண்டு. இத்தகைய நிறுவனங்களுக்கு இல்லை. பணம் கொடுக்குமுன், ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

அதேசமயம் அச்சத்தினால் ஒதுங்கிவிடவும் வேண்டாம். தாலந்து உவமையில் பணத்தை மண்ணில் புதைத்தவனைத் தலைவன் பாராட்டவில்லை. நம் அன்பியங்களிலும் மகளிர் குழுக்களிலும் வாரந்தோறும் சேரும் சிறு தொகை அந்தக் காஞ்சிபுரத்துச் சங்கத்தின் வழித்தோன்றலே. கணக்கை எல்லாரும் கேட்க உரக்கப் படியுங்கள். கையெழுத்துப் போடும் பொறுப்பை ஒருவரிடமே விட்டுவிடாதீர்கள். கடன் வாங்கியவர் நோயில் விழுந்தால் நெருக்காமல் தாங்கிக்கொள்ளுங்கள். வசதி இருந்தும் தராதவரை நேர்மையோடு கேளுங்கள்.

நாசரேத்தூரின் பெயரை நினைவூட்டும் ஊர் நம்முடையது. அந்த நாசரேத்தில் நம் ஆண்டவர் தச்சுவேலை செய்து, உழைப்பின் கூலியை அறிந்தவராக வாழ்ந்தார். உழைப்பவரின் காசு வீண்போகாமல் காப்பதும் அவருக்குச் செய்யும் தொண்டே. இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கில் கடனால் நிலமோ நிம்மதியோ இழந்த ஒரு குடும்பமாவது, அண்டை வீட்டாரின் கைத்தாங்கலால் நிமிர்ந்து நிற்குமானால், நாம் எடுக்கும் தேர்பவனியைக் காட்டிலும் அது இறைவனுக்கு உகந்த விழாவாக இருக்கும். திருக்குடும்பத்தின் ஆசீர் உங்கள் எல்லாருடைய இல்லங்களிலும் தங்குவதாக.