மூக்கில் ரத்தம் வடிதல்

சில்லுமூக்கு உடைந்தால் வீட்டில் முதலில் எழும் குரல், ‘தலையை அண்ணாந்து வை’ என்பதுதான். அது தவறு. அண்ணாந்தால் ரத்தம் நிற்காது. கண்ணுக்குத் தெரியாமல் தொண்டை வழியே வயிற்றுக்கு இறங்கும். பிறகு குமட்டி வாந்தியாக வரும். மூச்சுக்குழலுக்குள் போனால் புரையேறும்.

பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தம் கசிவது மூக்கின் நடுச்சுவரில், முன்பக்கம், விரல்நுனி எட்டும் தொலைவில். பல தமனிகளின் நுண்கிளைகள் அங்கே பின்னிக் கிடக்கின்றன; மேலே மெல்லிய சளிச்சவ்வு மட்டுமே. 1879இல் அதை விவரித்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் லிட்டிலின் பெயரால் அது லிட்டில் பகுதி எனப்படுகிறது.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூக்கைக் குடைவதாலும் சளி, ஒவ்வாமையாலும், வறண்ட காற்றில் உட்சவ்வு காய்ந்து வெடிப்பதாலும் வருகிறது. பெரியவர்களிடம் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைப் பற்றி மருத்துவர் கட்டாயம் கேட்பார். அடிபடுதல், கல்லீரல் நோய், ஹீமோஃபிலியா, டெங்கு ஆகியவையும் காரணமாகலாம். உயர் ரத்த அழுத்தம் நேரடிக் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் வரும் ரத்தத்தை நிறுத்துவதை அது கடினமாக்குகிறது.

முதலுதவிக்குக் கையே போதும். நிமிர்ந்து உட்கார்ந்து தலையை முன்னே சாய்க்க வேண்டும். மூக்குத் தண்டின் மேல் விரலை வைத்துக் கீழே இறக்கினால் எலும்பு முடிந்து மெத்தென்ற பகுதி தொடங்கும். அந்த மெத்தென்ற பகுதியை இரு பக்கமும் சேர்த்து, 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். பலர் எலும்பைப் பிடிக்கிறார்கள், அதில் பயனில்லை. நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு முறை விரலை எடுத்துப் பார்ப்பதும் உறையத் தொடங்கிய ரத்தத்தைக் கலைத்துவிடும். வாயால் மூச்சுவிட்டு, தொண்டைக்கு வரும் ரத்தத்தைத் துப்ப வேண்டும்.

அப்படியும் நிற்காவிட்டால், தலையில் அடிபட்டிருந்தால், மயக்கம் வந்தால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ரத்தம் கசியும் புள்ளி தெரிந்தால் மரத்துப்போகும் மருந்து வைத்து, சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டுச் சுடுவார்கள். நடுச்சுவரின் இரு பக்கத்தையும் ஒரே நாளில் சுடுவதைத் தவிர்ப்பது வழக்கம், சுவர் ஓட்டையாகிவிடக்கூடும். புள்ளி தெரியாவிட்டால் மூக்கை அடைப்பார்கள்.

பின்பக்க ரத்தக்கசிவு முதியவர்களிடம் அதிகம். அதற்குச் சில சமயம் சிறுநீரை வெளியேற்றப் பயன்படும் குழாயான ஃபோலி கதீட்டரை மூக்கு வழியே செலுத்தி, அதன் பலூனை ஊதிப் பின்வாசலை அடைப்பதுண்டு. அதிலும் அடங்காதபோது எண்டோஸ்கோப் உதவியுடன் ஸ்ஃபீனோபாலட்டைன் தமனியை அடைப்பார்கள்.

பதின்பருவச் சிறுவனுக்கு ஒரே பக்கம் மூக்கடைப்பும் அடிக்கடி ரத்தமும் இருந்தால் ஆஞ்சியோஃபைப்ரோமா என்னும் ரத்தநாளக் கட்டியை மருத்துவர் சந்தேகிப்பார். அது புற்றுநோயல்ல. ஆயினும் பரிசோதனைக்காக அதைக் கிள்ளி எடுத்தால் ரத்தம் பெருக்கெடுக்கும் என்பதால், ஸ்கேன் வழியாகவே அதை உறுதிசெய்கிறார்கள்.