கெடா மாநிலத் தோட்டப் பறவைகளும் பருவநிலைப் பழியும்

1. கூற்று

பருவநிலை மாற்றம் அரிய பறவைகளை மட்டுமல்ல, அன்றாடம் கண்ணில் படுபவற்றையும் அழித்துவிடும் என்ற பேச்சு பரவியிருக்கிறது. அமெரிக்காவின் ஔடுபான் சங்கம் 2019இல் வட அமெரிக்கப் பறவைகளில் 604 இனங்களை ஆராய்ந்து, வெப்பம் 3 பாகை உயர்ந்தால் 389 இனங்கள் ஆபத்துக்குள்ளாகும் என்றது. அது வாழிடப் பரப்பைக் கணினி வழியே முன்கணித்த அறிக்கை. பறவைத் தொகை குறைந்ததை எண்ணிய கணக்கன்று. வெப்பம் ஏறுவதை இக்கட்டுரை மறுக்கவில்லை. மலேசியாவின் கெடா மாநிலத்து மைனாவுக்கும் சின்னானுக்கும் அம்முடிவை அப்படியே பொருத்தலாமா என்பதே வினா.

2. தோட்டம்

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் பால்மர (ரப்பர்) தோட்டங்கள் பல செம்பனையாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவர்கள் "அப்போ கேட்ட குருவிச் சத்தம் இப்போ இல்லை" என்பது பொய்யன்று. ஆனால் இடைப்பட்ட காலத்தில் மரமே மாறிவிட்டது. தென் தாய்லாந்தில் நடந்து 2006இல் வெளியான ஆய்வின்படி, தாழ்நிலக் காடு ரப்பராகவோ செம்பனையாகவோ மாறிய இடங்களில் பறவை இனங்கள் குறைந்தது 60 விழுக்காடு குறைந்தன. பால்மரக் காலமும் பறவைகளுக்குப் பொற்காலமாக இருந்ததில்லை என்பதை நம் ஏக்கம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூகையின் கதை இன்னும் தெளிவானது. எலியை ஒழிக்கச் செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்து அதை வளர்க்கிறார்கள். பெட்டியும் எலியும் கிடைத்ததால் பெருகியது. எலி மருந்து தின்ற எலியைத் தின்றால் அதுவே சாகிறது. முராய் என்னும் பாடும் பறவைக்கோ எமன் வலைதான்: பாட்டுக்காகப் பிடிபட்டு இந்தோனேசியச் சந்தைக்குக் கடத்தப்படுகிறது.

3. வயல்

கெடாவின் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970 முதல் இருபோக நெல்லைக் கொண்டுவந்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடக்கிலிருந்து நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக வந்திறங்கின. வயலில் மலிந்திருந்த தென்னமெரிக்கத் தங்க நத்தை அவற்றுக்கு விருந்து. நத்தை கண்முன் இருக்க, காரணத்தை வெயிலில் தேடுவானேன்?

4. ஐயத்தின் எல்லை

நியூகினி மலைகளில் 1960களில் எடுத்த பறவைக் கணக்கைப் பிற்பாடு அதே இடங்களில் மீண்டும் எடுத்தார்கள். வெப்பம் ஏறியதை ஒட்டிப் பறவைகள் மேல்நோக்கி நகர்ந்திருந்ததை 2014இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. இது களத்தில் கண்ட சான்று. 1,200 மீட்டரைச் சற்றே தாண்டும் குனோங் ஜெராயின் உச்சிப் பறவைக்கு மேலே போக இடமில்லை; அங்கே அச்சம் நியாயமானது.

சமவெளி மைனாவுக்கும் அதே அச்சத்தைச் சொல்வது சான்றை முந்தும் முடிவு. பழியைக் காற்றின் மேல் போட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. எலி மருந்துக்கும் வலைக்கும் ஆளுண்டு. தோட்ட நிர்வாகங்களிடமும் வனவிலங்குத் துறையிடமும் முதலில் அவற்றைப் பற்றிக் கேளுங்கள்.