மாட்டுக் குளம்பு பதித்த ஒழுங்கைகள்



லீவு நாளில் ஹந்தானைக்குப் போகிறவர்கள் தேயிலை மியூசியத்தோடு திரும்பிவிடாமல் கொஞ்சம் நடந்து பாருங்கள். தார் ரோட்டை விட்டு விலகினால் சில ஒழுங்கைகள் பள்ளமாக, தண்ணீர் இல்லாத வாய்க்கால் மாதிரிக் கிடக்கும். இரண்டு பக்கமும் மண் சுவர், அதில் வேர்கள் தொங்கும். (அட்டை கடிக்கும். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போங்கள்.)

தோட்டத் துரைமார் வெட்டுவித்த ரோட்டு சரிவைப் பார்த்து வளைந்து வளைந்து ஏறும், ஓரத்தில் கான் இருக்கும். நடந்து நடந்து உண்டான பாதை பெரும்பாலும் நேராக மலையில் ஏறிவிடும். காலும் குளம்பும் மண்ணை இளக்க, மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். வருஷா வருஷம் பாதை கீழே இறங்கும். இங்கிலாந்தின் டோர்செட் பக்கத்திலும் இப்படி வீட்டு உயரத்துக்குப் பதிந்துபோன பாதைகள் உண்டு.

கண்டி இராச்சியத்தில் வண்டி ரோட்டே கிடையாது. 1660 முதல் 1679 வரை இங்கே சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தன் புத்தகத்தில் இதைச் சொல்கிறார். பாதைகள் நிறைய, ஆனால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். அகலமாக்க அரசன் விடமாட்டான். எதிரிப் படை இலகுவாக ஏறி வந்துவிடக் கூடாது அல்லவா!

அப்படியென்றால் மலைநாட்டுக்கு உப்பு எப்படி வந்தது? கரையோரத்தில் இருந்துதான் வரவேண்டும். பொதிமாட்டில் வந்தது. அந்த மாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். மேலே வரும்போது உப்பு, கருவாடு, புடவை. கீழே போகும்போது பாக்கு, மிளகு. அரசனின் போக்குவரத்துப் பகுதியான 'மடிகே பத்த'வில் சேவை செய்தவர்களில் பெரும்பங்கு எமது முன்னோர். லோர்னா தேவராஜாவின் 1994ஆம் ஆண்டு நூலில் இதை விரிவாகப் படிக்கலாம்.

1815இல் இராச்சியம் விழுந்தது. பிறகு ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு ரோட்டு வந்தது, மாட்டு வண்டி வந்தது. 1867இல் கண்டிக்கு ரயிலும் வந்தது. தவளத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. ஹந்தானையில் கோப்பியும் பிறகு தேயிலையும் ஏறின. இன்று அங்கே ஏறி இறங்குகிறவர்கள் கொழுந்துக் கூடையோடு மலையகத் தமிழ்ச் சகோதரிகள்.

வகுப்பில் "மடிகே என்றால் என்ன?" என்று கேட்டேன். கலகெதரைக்குப் போகும் வழியில் பஸ் நிற்கிற இடம் என்றான் ஒரு பிள்ளை. அவனில் பிழை இல்லை. நாங்கள் மேடைகளில் அரபு வணிகர், முத்து, குதிரை என்று பெருமை பேசுகிறோமே தவிர, மாடு ஓட்டிய அப்பாமார்களைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். "நீங்கள் நேற்று வந்தவர்கள்" என்று யாராவது சொன்னால் எம் பிள்ளைகள் வாயடைத்து நிற்பதற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அரசனின் உப்பைச் சுமந்தவர்கள் எப்படி நேற்று வந்தவர்களாவார்கள்?

உங்கள் வீட்டுப் பழைய காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். எல்லை சொல்லும் இடத்தில் மடிகே என்றோ, தவளப் பாதை என்றோ இருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். ஊரில் அப்படி ஒரு பள்ள ஒழுங்கை இருந்தால், கொங்கிரீட் போட முன்னர் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு ஒருக்கா நடந்து, அது எங்கே போய் முடியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.